பலகைகள் ஓடிய திசை

கார்பெட்டைக் கழற்றிய அன்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மகிழ்ச்சி. மகளுக்கு, வீடு வாங்கிய நாளிலிருந்து மூக்கைத் துளைத்த ஈர நாற்றம் ஒழிந்தது. எனக்கு, ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தவனுக்கு, மறுபடியும் ஒரு கொள்முதல் வேலை கிடைத்தது. மனைவிக்கு ஏன் மகிழ்ச்சி என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது காரணம் கேட்பது நிர்வாகத்தில் நல்ல பழக்கம் அல்ல.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகள் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் ஒனிஹங்காவில், துறைமுகத்தைப் பார்த்து இறங்கும் சரிவில், ஒரு பழைய மரவீடு வாங்கியிருந்தாள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. கலியாணம் செய்யவில்லை, அது தனிக் கோப்பு, இங்கே திறக்க மாட்டேன். என்னையும் மனைவியையும் கொழும்பிலிருந்து கூப்பிட்டுத் தன்னுடன் வைத்திருந்தாள். வீடு குட்டையான மரக்கட்டைகளின் மேல் நின்றது. கீழே ஒரு ஆள் தவழ்ந்து போகக்கூடிய இருட்டு வெளி. முந்திய சொந்தக்காரர், உக்கிப்போன பழைய தரைப்பலகைகளைப் பிடுங்கிவிட்டு, குறுக்குச் சட்டங்களின் மேல் பிளைவுட் தகடுகளை அடித்து, அதன் மேல் கஞ்சி நிறத்தில் கார்பெட் விரித்து விற்றிருந்தார். கார்பெட் போனதும் பிளைவுட் வெளியே வந்தது. அதன் மேல் எந்த மரத்தரையைப் போடுவது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியான ஆள் ஆக்லாந்தில் இல்லை என்று நான் நினைத்தேன். கொழும்பில் அரச கட்டடங்களுக்குப் பொருள் வாங்கும் பிரிவில் என் காலம் கழிந்தது. கேள்விப்பத்திரம் கோருவது, மாதிரி வரவழைப்பது, தொழில்நுட்பக் குழுவைக் கூட்டுவது, அந்தக் குழு ஒன்றும் தீர்மானிக்காமல் கலைவதைக் குறித்து வைப்பது, எல்லாம் தெரியும். மேசை முதல் கதவுப் பூட்டு வரை என் கையெழுத்தில்லாமல் நகராது. கையெழுத்து விழுந்த பிறகும் நகராது என்று சிலர் சொன்னதுண்டு.

மனைவியின் கண்ணைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கண் அழுத்த நோய். கொழும்பில் கவனிக்காமல் விட்டு, ஆக்லாந்தில்தான் கண்டுபிடித்தார்கள். மருந்துத் துளிகள் இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளும், போனது போனதுதான் என்றார் டாக்டர். நேர் முன்னால் உள்ளது தெளிவாகத் தெரியும். பக்கமும் கீழும் தெரியாது. ஒரு குழாய்க்குள்ளால் உலகத்தைப் பார்க்கிற நிலை. பத்திரிகையின் பொடி எழுத்தை வாசிப்பாள், ஊசியில் நூல் கோர்ப்பாள், அடுத்த நிமிடம் திறந்திருக்கும் கதவில் போய் மோதுவாள். அதனால் வெளியாட்கள் ஒருவரும் நம்புவதில்லை. ஊசி கோர்க்கிறவளுக்கு என்ன கண் வருத்தம் என்பார்கள்.

வந்த முதல் குளிர்காலத்தில் காலடியில் இருந்த சின்ன மேசையைக் காணாமல் விழுந்தாள். கை முறியவில்லை, ஆனால் மகள் பயந்துவிட்டாள். அன்றிலிருந்து அம்மா தனியாக வீட்டுக்குள் நடமாடக் கூடாது என்று சட்டம் வந்தது. அதை அமுல்படுத்துகிற உத்தியோகம் எனக்கு. பதவியின் பெயர் சொல்லப்படவில்லை. வேலை என்னவோ பியோன் வேலை. அவள் குசினிக்குப் போனால் நான் பின்னால் போவேன். பாத்ரூமுக்குப் போனால் வெளியே நின்று இருமுவேன். 

"நீங்கள் லைப்ரரிக்குப் போங்கோவன்," என்பாள் ஒவ்வொரு நாளும்.

"பிள்ளை பேசுவாள்."

"பிள்ளை ஆஸ்பத்திரியில. நீங்கள்தான் இஞ்ச நிண்டு மூச்சு விடுறியள்."

அவள் கேட்டது பெரிய காரியம் இல்லை. கடைக்குத் தனியே போக வேண்டும், பஸ் ஏற வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. ஒரு கூரைக்குக் கீழே, அறையிலிருந்து குசினிக்கும், குசினியிலிருந்து ஹோலுக்கும், யாரும் பின்னால் வராமல் போய்வர வேண்டும். அவ்வளவுதான். அது நடக்காமல்தான் அவள் நாளுக்கு நாள் அறைக் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கத் தொடங்கியிருந்தாள்.

இன்னொரு தகராறும் இருந்தது, செருப்புத் தகராறு. மகள் அவளுக்கு ஆட்டு ரோமம் வைத்த வீட்டுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தாள். இந்த ஊரில் குளிர்காலத்தில் அதைப் போடாதவர் இல்லை. மனைவி மகளுக்கு முன்னால் போட்டுக்கொள்வாள். கார் வெளியே போனதும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவாள். சளி பிடிக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "காலுக்குக் கண் கட்டின மாதிரி இருக்கு," என்று அவள் ஒருமுறை சொன்னாள். பிடிவாதக்காரர்கள் இப்படி ஏதாவது அழகாகச் சொல்வார்கள் என்று எண்ணி நான் அதைக் கடந்துபோனேன்.

தரை பார்க்க ஈஸ்ட் டாமாக்கிக்குப் போனோம். களஞ்சியங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி. ஒரு பெரிய தகரக் கொட்டகையின் முன்பாதியைக் காட்சிக்கூடமாக்கி, தரையில் சதுரம் சதுரமாகப் பல வகைப் பலகைகளைப் பதித்து வைத்திருந்தார்கள். நாங்கள் தமிழில் கதைத்துக்கொண்டதைக் கேட்டு ஒரு விற்பனைக்காரர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், கழுத்துப்பட்டியில் மரத்தூள்.

"சார், நீங்க தமிழா? யாழ்ப்பாணமா? பேச்சே சொல்லுதே. உட்காருங்கம்மா."

மனைவி வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நானும் மகளும் காட்சிக்கூடத்தைச் சுற்றினோம். எனக்கு அந்தப் பலகையின் சமாச்சாரம் மிகவும் பிடித்துவிட்டது. முழு மரம் அல்ல. மேலே ஓக் அல்லது பீச் மரத்தின் ஒரு தடித்த தோல். கீழே பைன் மரக் கீற்றுகள், ஒரு அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காக ஒட்டப்பட்டவை.

"முழு மரம்னா இந்த ஊர் ஈரத்துக்குப் பப்படம் மாதிரி வளைஞ்சிடும் சார்," என்றார் அவர். "இது ஒரு அடுக்கு ஒரு பக்கம் இழுக்கும், இன்னொண்ணு அதைப் பிடிச்சு நிறுத்தும்."

"அப்படியென்றால் இதுவும் பிளைவுட்தானே, மேலே நல்ல சட்டை போட்டது?"

"அப்படிச் சொன்னா எங்க மேனேஜர் அழுதுடுவார் சார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா, ஆமா," என்றார்.

மேல்தோல் எத்தனை முறை இழைக்கத் தாங்கும், பிளைவுட்டில் எவ்வளவு ஈரம் இருக்கலாம், நுரைத்தாள் விரித்து மிதக்க விடுவதா அல்லது பசை தடவி நேரே ஒட்டுவதா, சுவர் ஓரம் ஏன் இடைவெளி விட வேண்டும் என்றெல்லாம் கேட்டேன். சிலவற்றுக்கு விடை சொன்னார். சிலவற்றுக்குச் சிரித்தார். நான் மனதுக்குள் ஒரு விவரக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்: சமனாயிருக்க வேண்டும், ஒரே நிறமாயிருக்க வேண்டும், பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரு முடி நுழையக் கூடாது. வேற்றுமை இல்லாததே உயர்ந்த சரக்கு என்பது கொள்முதல்காரனின் சமயம். மகளுக்கும் அதே எண்ணம், வேறு காரணத்துக்காக. வாசலிலிருந்து பின்சுவர் வரை பலகைகள் ஒரே திசையில், கதவு நிலைகளில் இடைப்பட்டி ஏதும் இல்லாமல் ஓட வேண்டும், அப்போதுதான் சிறிய வீடு பெரிதாகத் தெரியும் என்று ஏதோ சஞ்சிகையில் பார்த்திருந்தாள். கூரிய விளிம்புள்ள பீச் பலகை ஒன்றைத் தேர்ந்தோம். பொருத்தினால் ஒரே பாய் விரித்தது போல இருந்தது.

"அம்மா, இது எப்பிடி?" என்று மகள் கேட்டாள்.

"உங்களுக்கு விருப்பமானதைப் போடுங்கோ," என்றாள் மனைவி, நாற்காலியை விட்டு எழாமல்.

அந்த வாக்கியம் சம்மதம் அல்ல என்பது எந்தத் தமிழ்க் கணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் அப்போது தொழில்நுட்பக் குழுவாக இருந்தேன், கணவனாக இருக்கவில்லை.

பலகை கப்பலில் வர வேண்டியிருந்தது. அது வந்திருந்தாலும் போட முடியாது. தரை போடுகிறவர், பசிபிக் தீவு நாடான தொங்காவைச் சேர்ந்த பிரமாண்டமான ஒரு மனிதர், பிளைவுட்டில் ஈரமானியின் இரண்டு ஊசிகளைக் குத்திப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீட்டுக்குக் கீழே காற்றுப் போகும் துவாரங்களைச் செடி மூடியிருந்தது. அதை வெட்டி, காற்று விட்டு, பிளைவுட் உலரும் வரை காத்திருக்கச் சொன்னார். ஆகவே பல வாரங்கள் வெறும் பிளைவுட்டின் மேல் குடித்தனம் நடத்தினோம்.

ஒரு காலை நான் பத்திரிகையில் ஆழ்ந்திருந்தபோது பக்கத்தில் தேத்தண்ணீர் வந்து உட்கார்ந்தது. அது யார் கொண்டுவந்தது என்பதை உணர எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மனைவி அதற்குள் ஹோலின் மறுபக்கத்தில் இருந்து தன் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீர் எப்பிடிக் குசினிக்குப் போனனீர்?"

"காலால."

பிறகு கவனித்தேன். கார்பெட் இருந்த காலத்தில் சுவரைத் தடவித் தடவிப் போனவள், இப்போது கையை வீசிக்கொண்டு நடந்தாள். பாத்ரூம் கதவுக்கு நேரே சரியாகத் திரும்பினாள். குசினி வாசலில் தயங்கவில்லை. ரோமச் செருப்பு கட்டிலுக்குக் கீழே நிரந்தர ஓய்வில் இருந்தது. எனக்கு இது புதிராக இருந்தது. கண் தேறவில்லை; அது தேறாது. வீடும் அதே வீடு. மாறியது கார்பெட் மட்டும்.

ஒரு மத்தியானம், அவள் குளிக்கும் நேரம் பார்த்து, நான் ஆய்வைத் தொடங்கினேன். முழங்காலில் நின்று கொரிடோர் முழுவதையும் கையால் தடவினேன். அறை வாசலில் கார்பெட் பசை காய்ந்து சொரசொரப்பாக ஒட்டியிருந்தது. பாத்ரூமுக்கு நேரே இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு சற்றுத் தூக்கி நின்றது. குசினியை நெருங்கும்போது ஆணித் தலைகள் வரிசையாக வந்தன. ஹோலுக்குள் தகடுகள் குறுக்காகக் கிடந்தன. முந்திய சொந்தக்காரரின் அரைகுறை வேலை முழுவதும் அங்கே எழுதப்பட்டிருந்தது. என் மனைவி அதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

வாசிக்க முடிகிறதா என்று நானும் பார்க்க விரும்பினேன். காலுறையைக் கழற்றினேன். துவாயால் கண்ணைக் கட்டினேன். ஆக்லாந்தின் குளிரில் வெறுங்காலை மரத்தில் வைத்தவுடன், என் கால் எனக்குச் சொன்ன ஒரே செய்தி அது குளிர்கிறது என்பதுதான். சப்பாத்துக்குள் ஆயுளைக் கழித்த பாதம், எழுத்தறிவில்லாதது. சில அடிகள் போனதும் சொரசொரப்பு ஒன்று தட்டுப்பட்டது. மகிழ்ந்து திரும்பினேன். கையை நீட்டினால் மடித்த படுக்கை விரிப்புகள். அலுமாரிக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று பார்த்து மகள் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

"தள ஆய்வு."

"முதல்ல துவாயை அவிழுங்கோ. பக்கத்து வீட்டு மனுசி ஜன்னலால பார்த்துக்கொண்டு நிக்கிறா."

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டு பாத்ரூமிலிருந்து வந்தாள். "கொப்பர் குசினி தேடுறார் பிள்ளை. கலியாணம் முடிச்ச நாளில இருந்து அவருக்கு அது எங்க இருக்கெண்டு தெரியாது."

மகள் சிரித்தாள். நான் கண்டுபிடித்ததை அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "ஓம், இருக்கலாம்," என்றாள். ஆனால் பலகை ஏற்கெனவே கடலில் வந்துகொண்டிருந்தது. அதோடு, பிளைவுட்டை அப்படியே விட முடியாது என்பதற்கு அவளிடம் வலுவான காரணம் இருந்தது. அம்மாவின் உள்ளங்காலிலிருந்து அவள்தான் சாமணத்தால் மரச் சிலாம்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிகள் வந்தன. வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று அவற்றைச் சில நாட்கள் ஹோலில் அடுக்கி வைத்தோம். தொங்காக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, நீளம் பார்ப்பதற்காக ஒரு பெட்டியை உடைத்து, கொரிடோரில் பசை இல்லாமல் சில வரிசைகளைப் பொருத்தி வைத்துவிட்டு, திங்கட்கிழமை தொடங்குவதாகச் சொல்லிப் போனார். அழகாகத்தான் இருந்தது. மாலை வெயில் அதில் வழுக்கிக்கொண்டு போனது. நானும் மகளும் பின்னால் கைகட்டி நின்று பார்த்தோம்.

மனைவி அறையிலிருந்து வந்தாள். பலகையில் ஒரு கால் வைத்தாள், மற்றக் காலையும் வைத்தாள். நின்றுவிட்டாள். பாதத்தை முன்னே தள்ளினாள், பக்கத்தில் தள்ளினாள், பிறகு கை சுவரைத் தேடியது.

"நல்ல வடிவு," என்றாள். "இதில ஒண்டும் எழுதியில்லை. தண்ணிக்கு மேல நிக்கிற மாதிரி இருக்கு." பின் என் பக்கம் திரும்பினாள். "கையைப் பிடியுங்கோ."

அவள் அதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானாகத்தான் போய்ப் பிடிப்பேன்; அவள் உதறுவாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது. குசினி வரை கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அந்தப் பலகையின் மேல் இருந்த மதிப்பு கொரிடோர் முடிவதற்குள் முடிந்துபோனது.

இரவுச் சாப்பாட்டில் வாக்குவாதம் வந்தது.

"சுவரில கம்பி அடிப்பம் அம்மா. ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரி. பிடிச்சுக்கொண்டு போகலாம்."

"ஒரு கையில கம்பி. மற்றக் கையில சட்டி. கதவை எதால திறக்கிறது?"

"சட்டியை அப்பா கொண்டுவருவார்தானே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த யோசனையை மேற்கொண்டு ஒருவரும் எடுத்துப் பேசவில்லை.

"வெள்ளைத் தடி பழக்கிறதுக்கு ஆள் வீட்டுக்கே வருவினம்," என்றாள் மகள் மெல்ல.

"றோட்டுக்கு வேணுமெண்டால் தா. என்ர வீட்டுக்குள்ள நான் தடி பிடிக்கிறதோ? அதுக்கு நான் அறைக்குள்ளயே இருக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் ஹோலில இருந்து தரையைப் பாருங்கோ."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கணக்கு முடித்தவர் குரலில் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்துபோய்ப் பலகைக் கடையின் பற்றுச்சீட்டை எடுத்துப் பின்பக்கம் வாசித்தேன். திறக்காத பெட்டிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை முழுவதும் வாசித்தவன் நியூசிலாந்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் சனிக்கிழமை. மூவரும் மறுபடி ஈஸ்ட் டாமாக்கி. இம்முறை மனைவி நாற்காலியில் உட்காரவில்லை. வாசலிலேயே குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள், காலுறையைக் கழற்றினாள், இரண்டையும் சுருட்டி என் கையில் தந்தாள்.

"அம்மா, தரை ஜில்லுனு இருக்குமே," என்று கோயம்புத்தூர்க்காரர் ஓடிவந்தார்.

"பரவாயில்லை தம்பி. நான் கொஞ்சம் நடந்து பார்க்கப்போறன். நீர் பயப்பிடாதையும்."

சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி, வெறுங்காலுடன், காட்சிச் சதுரங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். சமையலறைத் தரை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மனைவிக்கு அவர்கள் தெரியவில்லை. பக்கப் பார்வை இல்லாததில் இப்படியும் ஒரு வசதி உண்டு.

"இது மொட்டை." அடுத்த சதுரம். "இது அதைவிட மொட்டை." அதற்கடுத்தது. "இது எண்ணெய் பூசின மொட்டை."

"எங்க கடையில இப்படி யாரும் ரேங்க் போட்டதில்ல சார்," என்றார் அவர் என் காதில்.

மூலையில், விளக்கு சரியாக விழாத இடத்தில், ஓக் பலகைச் சதுரம் ஒன்று இருந்தது. அதில் ஏறியதும் அவள் பாதம் நின்றது. பெருவிரல் எதையோ தேடிப் போய் வந்தது.

"இதில கோடு இருக்கு."

"அது விளிம்பைச் சரிவாச் சீவினதும்மா. ரெண்டு பலகை சேர்ற இடத்துல சின்னப் பள்ளம் விழும். அழுக்குத் தங்கும்னு நிறையப் பேர் வேணாம்பாங்க."

அவள் கேட்கவில்லை. பலகையின் நீளவாக்கில் நடந்தாள். திரும்பினாள். குறுக்காக நடந்தாள். மறுபடி நீளவாக்கில். "நெடுக்கப் போனால் ஒரு கதை. குறுக்கப் போனால் வேற கதை," என்றாள்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. நானும் சப்பாத்தைக் கழற்றினேன். நீளவாக்கில் போகும்போது அந்தப் பள்ளம் உள்ளங்காலுக்குக் கீழே கயிறு போல் கூடவே வந்தது. விலகினால் காணாமற்போனது, சேர்ந்தால் திரும்பக் கிடைத்தது. குறுக்காகப் போகும்போது ஒவ்வொரு கோடும் வந்து வந்து கடந்தது, படிகளை எண்ணுவது போல. என் தற்குறிப் பாதத்துக்கே அது விளங்கியது. உடனே எனக்கு யோசனை பிறந்தது. அது மனைவிக்கு முன்பே பிறந்திருந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"கொரிடோரில் நெடுக்காக, ஹோலில் குறுக்காக. போடலாமா?" என்று கேட்டேன்.

"ஒரே டைரக்‌ஷன்லதான் சார் போடுவாங்க."

"ஏன்?"

"எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

உத்தியோக காலம் முழுவதும் இந்த விடையைக் கேட்டிருக்கிறேன். பலமுறை நானே சொல்லியும் இருக்கிறேன். தயாரிப்பாளரின் கையேட்டைத் தரச் சொன்னேன். நின்றபடியே, வெறுங்காலுடன், வாசித்தேன். வெறும் மரச் சட்டங்களின் மேல் நேரே போடுவதானால் பலகை அவற்றைக் குறுக்காகத்தான் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தொய்யும். ஆனால் கீழே நல்ல பிளைவுட் இருந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பிளைவுட்டின் அடுக்குகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் அது எந்தப் பக்கமும் ஒரே மாதிரித் தாங்கும். பலகையின் திசை வீட்டுக்காரர் விருப்பம். ஒட்டுவதைப் பற்றியும் இருந்தது: நுரைத்தாளில் மிதக்க விடாமல் பிளைவுட்டிலேயே பசையால் ஒட்டினால் கால் அமுங்காது. அந்தப் பகுதியை உரக்க வாசித்துக் காட்டினேன்.

"சார், நீங்க இங்க வேலைக்கு வந்துடுங்களேன்," என்றார் அவர்.

மகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஒட்டுப்போட்ட வீடு மாதிரி இருக்கும் அப்பா. வாசலில நிண்டு பார்த்தால் ஒரு பக்கம் இப்பிடி, மற்றப் பக்கம் அப்பிடி. நாளைக்கு விக்கிற நேரம் வாங்க வாற ஆள் கேப்பான்."

"கேட்டால் சொல்லு," என்றாள் மனைவி அந்தச் சதுரத்திலிருந்தபடியே, "முந்தி இந்த வீட்டில ஒரு விசரி இருந்தவள், அவளுக்குக் கோடு போட்ட கொப்பியிலதான் எழுத வரும் எண்டு."

மகள் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தாள். அந்த மூலையில் இரண்டு பக்கமும் பலகைக் கட்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே, யாருடைய கையும் இல்லாமல், சதுரத்தின் விளிம்பு வரை போய், சரியாகத் திரும்பி, வந்த கோட்டிலேயே வந்தாள். மகள் கட்டிய கையை அவிழ்த்தாள்.

"சரி, ஓக்," என்றாள் விற்பனைக்காரரிடம். "கோடு இருக்கிறது."

ஓக் வந்து சேருமுன் தொங்காக்காரருக்கு நான் ஒரு வரைபடம் தயாரித்தேன். திசைகளை அம்புக்குறியிட்டு, ஹோல் வாசலில் கொரிடோர் பலகை எங்கே நிற்க வேண்டும் என்று குறித்து. அவர் அதைப் பார்த்து, என்னைப் பார்த்து, மரியாதையாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கொரிடோர் வேலை நன்றாகப் போனது. அவர் பசையைப் பல்லுள்ள தகட்டால் பிளைவுட்டில் இழுக்கும்போது சுதி சுத்தமாகத் தேவாலயப் பாட்டுப் பாடுவார். நான் வரைபடத்தின் பிரதியைக் கையில் பிடித்தபடி மேற்பார்வை செய்தேன்.

ஹோல் தொடங்கிய நாள் நாங்கள் இருவரும் நல்ல பேச்சில் இருந்தோம். அவர் ஊரில் வீடுகளுக்கு எந்த மரம் என்று கேட்டேன். தென்னை மரத்தைப் பற்றி அவர் சொன்னதும் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வரிசைகள் ஏறிக்கொண்டிருந்தன. நிறம் எவ்வளவு நன்றாக ஒத்துப்போகிறது என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

மனைவி தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வந்தாள். கொரிடோர் வழியாக வந்து, நிலையைக் கடந்து, மேலும் இரண்டு எட்டு வைத்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, ஹோல் எங்க?"

"ஹோலுக்குள்ளதான் நிக்கிறீர்."

"இல்லை. நான் கொரிடோரில நிக்கிறன்."

நான் கீழே பார்த்தேன். வரைபடத்தைப் பார்த்தேன். மறுபடி கீழே பார்த்தேன். பழக்க தோஷத்தில் அந்த மனிதர் கொரிடோரின் திசையிலேயே ஹோலுக்குள்ளும் வரிசையை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் இரண்டு கண்களும் வரைபடமும் சகிதம் பக்கத்தில் நின்று பாராட்டிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் நடந்தது விளங்கிவிட்டது. சட்டைப்பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்து, நீண்ட மூச்சு ஒன்று விட்டார். என்னிடமல்ல, அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பசை காயுமுன் அந்த வரிசைகளைப் பெயர்த்து, துடைத்து, குறுக்காகத் திருப்பிப் போட்டார். அன்று மாலை வரை பாட்டு இல்லை.

கொரிடோரிலும் அறைகளிலும் நெடுக்காக, ஹோலில் குறுக்காக, குசினியில் பழைய வினைல் விரிப்பு. பாத்ரூம் வாசலில் மட்டும், மனைவி கேட்டபடி, ஒரே ஒரு பலகை குறுக்காக. மகளின் சிநேகிதிகள் வந்தால் அந்தப் பலகையைப் பார்த்து, இது ஏன் இப்படி என்று கேட்பார்கள். மகள் அதை ஒரு புது மோஸ்தர் என்பாள். ஒருத்தி போய்த் தன் வீட்டிலும் அப்படிப் போட்டுக்கொண்டாள்.

தரை முடிந்த பிறகும் மகளின் சட்டம் உடனே நீக்கப்படவில்லை. சட்டங்கள் அப்படித்தான். சில நாட்கள் அவள் கதவோரம் நின்று பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டாள். அறிவித்தல் ஏதும் வரவில்லை; ஆனால் ஒரு காலை வேலைக்குப் போகும்போது, "அப்பா, லைப்ரரிக்குப் போறதெண்டால் குடை கொண்டுபோங்கோ," என்றாள்.

குடையுடன் போனேன். பத்திரிகை மண்டபத்தில் உட்கார்ந்து ஒரே பந்தியை மீண்டும் மீண்டும் வாசித்தேன். சின்ன மேசை, அடுப்பு, வெந்நீர்க் கேத்தல் எல்லாம் அந்தப் பந்திக்குள் வந்தன. மத்தியானத்துக்கு முன்பே எழுந்து, மலைச்சரிவில் வேகமாக ஏறி வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் தெரிந்தது, கதவுத் திறப்பை எடுக்காமல் போயிருக்கிறேன்.

மணியை அழுத்தினேன். வாசல் கதவில் வரிவரியான கண்ணாடி. அதற்குப் பின்னால், கொரிடோரின் மறுமுனையில், ஒரு நிறம் அசைந்தது. அது நெருங்கி வந்தது, அவசரமில்லாமல், சுவர்ப்பக்கம் சாயாமல், நடுவாக.

"ஆர்?"

"நான்தான்."

கதவு திறந்தது. கையில் மா ஒட்டியிருந்தது. "ஏன், லைப்ரரியைப் பூட்டியிட்டாங்களோ?"

"இல்லை. சும்மா வந்தனான்."

"திறப்பை மறந்திட்டுச் சும்மா வந்தனீங்களாக்கும்." பக்கத்துக் கொளுக்கியில் கையை வைத்துத் திறப்பை எடுத்து என்னிடம் தந்தாள். "ரொட்டிக்குக் குழைச்சுக்கொண்டு நிக்கிறன். அடுப்பில சட்டி இருக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நான் குனிந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தேன். அவிழ்க்க அவ்வளவு நேரம் தேவையில்லை. குதிகள் கோட்டின் மேல் போய், குசினிப் பக்கம் திரும்பி மறைந்தன. நான் பின்னால் போகவில்லை.